பேச்சுரிமைப் புத்தகத்தில் பைபிளுக்கு என்ன வேலை?

1656 ஜூலை 27 அன்று ஆம்ஸ்டர்டாமின் போர்த்துகீசிய யூத சபை 23 வயது இளைஞர் ஒருவரைச் சாபமிட்டு விலக்கி வைத்தது. யாரும் அவரோடு பேசக்கூடாது, நான்கு முழத்துக்குள் நெருங்கக்கூடாது, அவர் எழுதிய எதையும் வாசிக்கக்கூடாது. அவர்தான் பின்னாளில் மெய்யியலாளராகப் பேர் பெற்ற ஸ்பினோசா. 2015 டிசம்பரில் அதே ஊரில் அறிஞர்களைக் கூட்டி, இப்போதாவது அந்த விலக்கை எடுத்துவிடலாமா என்று விவாதித்தார்கள். எடுக்கவில்லை. 2021-ல் அவரைப் பற்றிய படத்துக்காக அந்தச் சபையின் வளாகத்துக்கு வர அனுமதி கேட்ட ஓர் ஆய்வாளருக்கு மறுப்புக் கடிதம் போய், அது உலகச் செய்தியானது.

இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் இரண்டு பேச்சுகள் கிளம்பும். ஒன்று, அவர் மதத்தை ஒழிக்கப் பார்த்த நாத்திகர். இன்னொன்று, மதத்தையும் அரசையும் பிரித்துவைக்கச் சொன்ன முன்னோடி. முதலாவது பாதிதான் சரி, இரண்டாவது கிட்டத்தட்டத் தலைகீழ். ஏன் என்று புரிய 1670-ல் அவர் லத்தீனில் வெளியிட்ட 'இறையியல்-அரசியல் ஆய்வுரை' என்ற புத்தகத்துக்குள் போக வேண்டும். அந்தப் புத்தகத்தில் ஒரு வினோதம் உண்டு. பேசும் சுதந்திரத்தை நிலைநாட்டுவதுதான் நோக்கம் என்று தலைப்புப் பக்கத்திலேயே சொல்லிவிட்டு, மொத்தம் 20 அதிகாரங்களில் முதல் 15-ஐ பைபிளை எப்படி வாசிப்பது என்பதற்கே செலவழிக்கிறார். அரசியல் வருவது கடைசி ஐந்தில்தான். இந்தக் கணக்கு ஏன் இப்படி என்பதைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

முதலில், ஊர் எப்படி இருந்தது

டச்சுக் குடியரசு அன்றைய ஐரோப்பாவில் தாராளத்துக்குப் பேர் போன இடம். 1579-ல் ஸ்பெயின் மன்னருக்கு எதிராக மாகாணங்கள் செய்துகொண்ட உட்ரெக்ட் உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு, மதத்துக்காக யாரையும் துன்புறுத்தவோ விசாரிக்கவோ கூடாது என்றது. அதனால்தான் போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் மத விசாரணைக்குத் தப்பிய யூதக் குடும்பங்கள், ஸ்பினோசாவின் குடும்பம் உட்பட, இங்கே வந்து சேர்ந்தன.

ஆனால் அந்தத் தாராளத்துக்குள் ஒரு நுணுக்கம் இருந்தது. பாதுகாக்கப்பட்டது மனசாட்சி மட்டுமே. ஊரறிய வழிபடும் உரிமை கால்வின் என்ற புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதியின் வழி வந்த சீர்திருத்தச் சபைக்கே உரியது என்பதுதான் விதி. கத்தோலிக்கர்கள் வீட்டு மாடிகளில், வெளியே தெரியாதபடி கோயில் அமைத்துக்கொண்டார்கள். அதிகாரிகளுக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்கள். யூதர்களுக்கு ஆம்ஸ்டர்டாம் நிறையவே விட்டுக்கொடுத்தது, அதுவும் கிறிஸ்தவத்தைப் பழிக்காமல் அடங்கி இருக்கும் வரைதான். 'நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள், வெளியே சொல்லாதே' என்பதுதான் ஏற்பாடு.

(அந்த ஏற்பாடுகூட ஊருக்குள்தான். 1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த அதே ஒல்லாந்தர் அங்கே கத்தோலிக்கக் குருமார்களை விரட்டினார்கள். 1687-ல் கோவாவிலிருந்து வந்த ஜோசப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில்தான் யாழ்ப்பாணத்துக்குள் நுழைய முடிந்தது. ஆம்ஸ்டர்டாம் மாடிக்கோயில் சலுகை கப்பலேறி வரவில்லை.)

அரசியலிலும் இரண்டு அணிகள். ஒரு பக்கம் யோஹான் டி விட் தலைமையில் நகர வணிகக் குடும்பங்கள். இன்னொரு பக்கம், முன்பு நாட்டுத் தலைமையில் இருந்த ஆரஞ்ச் வம்சத்தைத் திரும்ப அமர்த்த நினைத்தவர்கள்; கடுமையான கால்வினிசப் போதகர்கள் பெரும்பாலும் இவர்கள் பக்கம். போதகர்களிடம் படையில்லை, பிரசங்க மேடை இருந்தது. 'வேதம் இப்படிச் சொல்கிறது, ஆகவே அரசு இதைத் தடை செய்ய வேண்டும்' என்று அவர்களால் மேடையிலிருந்து சொல்ல முடியும்.

அந்த 'ஆகவே'யைத்தான் ஸ்பினோசா குறிவைத்தார். 1665-ல் லண்டனிலிருந்த நண்பர் ஓல்டன்பர்குக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் புத்தகம் எழுதுவதற்கு மூன்று காரணம் சொல்கிறார்: இறையியலாளர்களின் முன்முடிவுகள் மக்களைச் சிந்திக்க விடவில்லை; என்னை நாத்திகன் என்கிறார்கள், அதை மறுக்க வேண்டும்; போதகர்களின் அதிகாரம் சிந்திக்கும் சுதந்திரத்தை நெரிக்கிறது, அதைக் காக்க வேண்டும்.

கூர்பாக் கதை

விஷயம் எவ்வளவு ஆபத்தானது என்று தெரிய அவருடைய வட்டத்தைச் சேர்ந்த ஆட்ரியான் கூர்பாக்கைப் பார்த்தால் போதும். மருத்துவம், சட்டம் இரண்டும் படித்தவர். 1668-ல் டச்சு மொழியில், பாமரரும் வாசிக்கும்படி, ஓர் அகராதி போட்டார். பைபிள் என்ற கிரேக்கச் சொல்லுக்கு வெறுமனே புத்தகம் என்றுதான் பொருள், எந்தப் புத்தகத்தையும் அப்படிச் சொல்லலாம் என்கிற மாதிரி விளக்கங்கள் அதில் இருந்தன. அடுத்த புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்தபோது அச்சகத்துக்காரரே காட்டிக்கொடுத்தார். பத்து ஆண்டு சிறை, அதன்பின் பத்து ஆண்டு நாடுகடத்தல், 4000 கில்டர் அபராதம் என்று தீர்ப்பு. ஓராண்டு தாண்டிச் சில மாதங்களில், 1669 அக்டோபரில், காவலிலேயே இறந்துபோனார். தாராளத்துக்குப் பேர் போன ஆம்ஸ்டர்டாமில்தான் இது நடந்தது.

அடுத்த ஆண்டு ஸ்பினோசாவின் புத்தகம் வந்தபோது ஆசிரியர் பெயர் இல்லை. பதிப்பித்த இடம் ஹாம்பர்க் என்று போட்டிருந்தது, பதிப்பாளர் பெயரும் பொய். உண்மையில் பதிப்பித்தவர் ஆம்ஸ்டர்டாமின் ரியூவர்ட்ஸ். மொழி லத்தீன், அதாவது படித்தவர்களுக்கு மட்டும்.

வேதத்தை எப்படி வாசிக்கச் சொல்கிறார்

ஏழாவது அதிகாரம்தான் புத்தகத்தின் அச்சாணி. இயற்கையை ஆராய்வது எப்படியோ அப்படியே வேதத்தையும் ஆராய வேண்டும் என்கிறார். முதலில் தரவுகளைத் திரட்டு, அப்புறம் முடிவுக்கு வா. மூன்று வேலைகள் சொல்கிறார்.

1. மொழியைத் தெரிந்துகொள். எழுதியவர்கள் பேசிய எபிரேயத்தில் ஒரு சொல்லுக்கு என்னென்ன பொருள் உண்டு என்பது தெரியாமல் ஒரு வசனத்துக்கும் பொருள் சொல்ல முடியாது.

2. ஒவ்வொரு நூலிலும் எந்தெந்தப் பொருள் பற்றி என்னென்ன சொல்லியிருக்கிறது என்று தொகுத்து, தெளிவில்லாததையும் முரண்படுவதையும் குறித்துவை. இங்கே முக்கியமான ஓர் எச்சரிக்கை: வாக்கியத்தின் பொருள் வேறு, அது உண்மையா என்பது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பாதே.

3. யார் எழுதினார், எப்போது, யாருக்காக, என்ன சந்தர்ப்பத்தில், அந்த நூல் யார் யார் கைமாறி வந்தது, எத்தனை பாடபேதம், யார் கூடி இதைப் புனித நூல் என்று ஏற்றார்கள் என்பதை விசாரி.

இன்றைக்கு இலக்கிய மாணவர் யாருக்கும் இது சாதாரணமாகத் தெரியும். அன்று இடி. எடுத்துக்காட்டுகளைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

'தேவன் அக்கினி' என்கிறார் பழைய ஏற்பாட்டின் பெருந்தலைவரான மோசே. 'தேவன் எரிச்சலுள்ளவர்' என்றும் சொல்கிறார். அறிவுக்கு இரண்டுமே ஒட்டாது. ஸ்பினோசா கேட்பது அதுவல்ல, மோசே என்ன சொல்ல வந்தார் என்பதுதான். கடவுளுக்கு உருவமில்லை என்று மோசே வேறு இடத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார், ஆகவே அக்கினி நேர்ப்பொருளாக இருக்க முடியாது. எபிரேயத்தில் நெருப்பு என்ற சொல் கோபத்தையும் எரிச்சலையும் குறிக்கும், யோபு நூலில் சான்று இருக்கிறது. ஆக இரண்டு வாக்கியமும் ஒன்றையே சொல்கின்றன. கடவுளுக்கு எரிச்சல் வராது என்று மோசே எங்கும் சொல்லவில்லை. எனவே கடவுள் எரிச்சல்படுபவர் என்று மோசே உண்மையாகவே நம்பினார் என்றுதான் கொள்ள வேண்டும், அது நம் அறிவுக்கு எவ்வளவு முரணாக இருந்தாலும். வேதத்தை அறிவுக்கு ஏற்ப வளைக்கும் இடைக்கால யூத மெய்யியலாளர் மைமோனிடசின் வழியையும், அறிவை வேதத்துக்குப் பலி கொடுக்கும் வழியையும் ஒரே அடியில் தள்ளுகிறார்.

இரண்டாவது, 'மறு கன்னத்தைக் காட்டு'. எல்லாக் காலத்துக்கும் உரிய சட்டம் என்று எடுத்தால் நீதிமன்றத்தையே மூட வேண்டியதுதான். ஆனால் யேசு சட்டம் இயற்றும் அரசராகப் பேசவில்லை, நீதி செத்துப்போன, அழிவை எதிர்நோக்கிய ஒரு நாட்டில் ஒடுக்கப்பட்டவர்களிடம் பேசினார். இதேபோன்ற காலத்தில் தீர்க்கதரிசி எரேமியாவும் இதையேதான் சொல்கிறார், பைபிளின் 'புலம்பல்' நூலில் இருக்கிறது. நல்ல ஆட்சியை நிறுவ முயன்ற மோசே சொன்னதோ 'கண்ணுக்குக் கண்'. இரண்டும் மோதவில்லை, சந்தர்ப்பம் வேறு. எனக்கு இந்தப் புத்தகத்திலேயே மிகவும் பிடித்த பக்கம் இது. கோபமில்லாமல், கிண்டலில்லாமல், காலத்தையும் இடத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்துவிடுகிறார்.

மூன்றாவதுதான் பெரிய வெடி: பைபிளின் முதல் ஐந்து நூல்களை எழுதியது மோசே அல்ல. அந்த ஐந்தில் கடைசியான உபாகமத்தின் இறுதி அதிகாரம் மோசே இறந்ததையும் புதைக்கப்பட்டதையும் சொல்லிவிட்டு, அவரைப் போன்ற தீர்க்கதரிசி அதற்குப் பிறகு எழும்பவில்லை என்கிறது. தன் சாவுக்குப் பிந்தைய காலத்தை ஒருவர் இப்படித் திரும்பிப் பார்த்து எழுதுவாரா? ஆதியாகமத்தில் 'தாண்' என்ற ஊர்ப்பெயர் வருகிறது. அந்த ஊருக்கு அந்தப் பெயர், மோசேக்குப் பின் தலைவரான யோசுவாவுக்கும் பிற்காலத்தில்தான் வந்தது என்று நியாயாதிபதிகள் நூலே சொல்கிறது. 'அந்நாட்களில் கானானியர் தேசத்தில் இருந்தார்கள்' என்ற வாக்கியத்தை, கானானியர் போய்விட்ட பிறகு வாழ்ந்தவர்தான் எழுத முடியும். மோசே எழுதிய நியாயப்பிரமாணம் முழுவதும் ஒரு பலிபீடத்தின் கற்களில் எழுதும் அளவுக்குத்தான் இருந்தது என்றால், அது இந்த ஐந்து நூல்களைவிட மிகச் சிறியதாக இருந்திருக்க வேண்டும். இப்படி அடுக்கிக்கொண்டே போய், இன்றைய வடிவில் தொகுத்தவர் பல நூற்றாண்டு பிந்திய எஸ்றா என்ற யூத வேத அறிஞராக இருக்கலாம் என்று ஊகிக்கிறார்.

இதில் பல குறிப்புகள் அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. 12-ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் இபன் எஸ்றா பூடகமாகச் சொல்லி, புரிந்தவன் வாய் திறக்க மாட்டான் என்று நிறுத்திக்கொண்டவை. 1651-ல் ஆங்கில மெய்யியலாளர் ஹாப்சும் இதே சந்தேகத்தை எழுப்பியிருந்தார். ஸ்பினோசாவின் புதுமை, முழு வாதமாகக் கட்டி வாய் திறந்து சொன்னது.

தீர்க்கதரிசிகள் பற்றியும் இதே பார்வைதான். அவர்களுக்கு இருந்தது வலுவான கற்பனை, தனி அறிவு அல்ல. நாட்டுப்புறத்தவருக்குக் காட்சியில் மாடும் காளையும் வரும், படைவீரருக்குத் தளபதியும் சேனையும் வரும், அரண்மனையில் பழகியவருக்குச் சிம்மாசனம் வரும். சூரியன் நின்றது என்று யோசுவா நம்பினார், அவர் போர்வீரர், வானியல் அவரிடம் கேட்க வேண்டியதில்லை. ஒழுக்கம் கேட்கலாம்.

அப்படியானால் மதத்தில் என்ன மிச்சம்?

இங்கேதான் 'நாத்திகர்' என்ற பேச்சு பாதியில் நிற்கிறது. காலம், இடம், ஆள் என்று எல்லாவற்றையும் கழித்த பிறகும் பைபிள் நெடுக மாறாமல் நிற்கும் ஒன்று உண்டு என்கிறார்: கடவுளுக்குக் கீழ்ப்படிவது, அதாவது அயலாரிடம் நீதியோடும் அன்போடும் நடந்துகொள்வது. விசுவாசத்துக்கு அவ்வளவுதான் தேவை. ஒருவர் கடவுளை நெருப்பு என்று நினைத்தாலும் ஆவி என்று நினைத்தாலும், அவர் நடத்தை நேராக இருந்தால் விசுவாசிதான்.

மெய்யியலின் வேலை உண்மையைத் தேடுவது, விசுவாசத்தின் வேலை நல்லபடி நடக்கவைப்பது. இரண்டும் தனித்தனிக் காணி, வேலித் தகராறு தேவையில்லை. அவருடைய சொந்தக் கடவுள் வானத்திலிருந்து வரம் கொடுப்பவர் அல்ல, இயற்கையின் ஒழுங்கேதான், அற்புதம் என்று எதுவும் நடக்க முடியாது என்பதெல்லாம் உண்மை. போதகர்கள் கொதித்தது அதற்குத்தான். ஆனால் மதத்தை ஒழிக்க வேண்டும் என்பது அவர் திட்டம் அல்ல. பெரும்பாலான மக்களை நல்வழியில் நடத்த அது தேவை என்றே நினைத்தார்.

வாசிப்பிலிருந்து அரசியலுக்கு

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். வேதத்தின் பொருளை அறிய மொழியும் வரலாறும் பொது அறிவும் போதுமென்றால், அதற்கு மேலிருந்து அருளப்பட்ட வெளிச்சம் தேவையில்லை, போப்பும் தேவையில்லை, போதகர் சங்கமும் தேவையில்லை. ஏழாவது அதிகாரத்தின் முடிவில் இதை நேராகவே சொல்கிறார்: மதத்தைப் பற்றித் தானே தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. 'வேதம் சொல்கிறது, ஆகவே தடை செய்' என்பவரின் காலுக்குக் கீழிருந்த பலகை உருவப்பட்டுவிட்டது. முதல் 15 அதிகாரம் செய்து முடித்த வேலை அதுதான். அது நடந்த பிறகுதான் கடைசி ஐந்தின் அரசியல் வாதம் எழுந்து நிற்க முடியும். அந்த வாதம் இப்படிப் போகிறது:

1. இயற்கையில் ஒருவருடைய உரிமை அவருடைய ஆற்றல் எட்டும் தூரம் வரை. பெரிய மீன் சின்ன மீனைத் தின்பது அதன் இயற்கை உரிமை என்று கூசாமல் எழுதுகிறார்.

2. இப்படியே இருந்தால் யாருக்கும் நிம்மதி இல்லை. எனவே மனிதர்கள் கூடி, தன் இஷ்டப்படி செயல்படும் உரிமையைப் பொதுவில் ஒப்படைக்கிறார்கள். இயற்கைக்கு மிக நெருக்கமான ஆட்சி ஜனநாயகம், ஏனென்றால் அதில் நாம் ஒப்படைப்பது இன்னொரு தனிமனிதரிடம் அல்ல, நாமும் சேர்ந்த முழுச் சமூகத்திடம்.

3. ஒப்படைக்கவே முடியாத ஒன்று உண்டு, தீர்மானிக்கும் திறன். நானே விரும்பினாலும் என் தலைக்குள் நடப்பதை இன்னொருவர் கையில் கொடுக்க என்னால் ஆகாது. உரிமை என்பது ஆற்றல் என்றால், அரசால் செய்ய முடியாததைச் செய்ய அரசுக்கு உரிமையும் இல்லை.

4. நினைப்பதைச் சொல்லாமல் இருப்பதும் மனிதருக்கு ஆகாத காரியம். கெட்டிக்காரர்களாலேயே வாயைக் கட்ட முடிவதில்லை, மற்றவர்களைக் கேட்க வேண்டாம்.

5. மீறி வாயை அடைத்தால் என்ன ஆகும்? மக்கள் ஒன்று நினைப்பார்கள், வேறொன்று பேசுவார்கள். நம்பகம் போகும், முகஸ்துதி பெருகும். பேராசைக்காரரும் சூதுக்காரரும் எந்தச் சட்டத்துக்கும் தலையாட்டிவிட்டுப் போவார்கள், மாட்டிக்கொள்வது நேர்மையானவர் மட்டும். அரசு தன் நல்ல குடிமக்களையே பகைத்துக்கொள்ளும்.

உட்ரெக்ட் உடன்படிக்கையின் 'நினை, பேசாதே' ஏற்பாட்டை உடைப்பது நான்காவது படிதான். நினைப்பையும் பேச்சையும் பிரிக்க முடியாது என்றால் மனசாட்சிச் சுதந்திரம் மட்டும் தருவதாகச் சொல்வதில் அர்த்தமில்லை. ஹாப்சிடமிருந்து அவர் பிரிவதும் இங்கேதான். தொடக்கம் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்று, ஆனால் ஹாப்சின் அரசு எந்தக் கருத்தைப் பரப்பலாம் என்று தீர்மானிக்கும், ஸ்பினோசாவின் அரசு அதைத் தொட்டால் தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளும்.

சொந்த நாட்டின் அனுபவத்தையும் எடுத்துப்போடுகிறார். முன்விதி, அதாவது யாருக்கு மீட்பு என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்ற கொள்கை, பற்றிய இறையியல் சண்டையில் அரசியல்வாதிகள் தலையிட்டதும் சபை பிளந்தது என்கிறார். பழைய கதை அல்ல அது. 1618-19-ல் டோர்ட் நகரத்தில் சபை மாநாடு கூடி ஒரு தரப்பைக் கண்டித்தது. அந்தத் தரப்புக்கு ஆதரவாக நின்ற நாட்டின் மூத்த தலைவர் ஓல்டன்பார்னெவெல்ட்டின் தலை 1619-ல் உருண்டது.

மதத்தையும் அரசையும் பிரித்தாரா?

இல்லை. 19-ஆம் அதிகாரம் சொல்வது நேர் எதிர்: பொது வழிபாடு, சபை ஒழுங்கு, போதகர் நியமனம் எல்லாம் அரசின் கையில் இருக்க வேண்டும். மதத்தைத் தனியே விட்டால் அது இன்னோர் அரசாக வளர்ந்துவிடும் என்ற பயம். உள்ளத்தின் பக்தி அவரவருடையது, வெளிச்சடங்கு அரசுக்கு உட்பட்டது. பிரித்துவைக்கும் வாதம் வேண்டுமானால் 1689-ல் ஹவுடாவில் லத்தீனில் வந்த, ஆங்கில மெய்யியலாளர் லாக்கின் சகிப்புத்தன்மைக் கடிதத்தைப் பார்க்க வேண்டும். திருச்சபை என்பது விரும்பிச் சேரும் சங்கம், அரசுக்கு அங்கே வேலையில்லை என்கிறார். ஆனால் லாக் நாத்திகருக்குச் சகிப்பு இல்லை என்கிறார், சத்தியம் செய்தாலும் நம்ப முடியாதாம். சபைகளுக்கு லாக் தரும் இடம் பெரிது, தனிமனிதரின் நாக்குக்கு ஸ்பினோசா தரும் இடம் பெரிது.

ஸ்பினோசாவிடமும் எல்லைக்கோடு உண்டு. ஒரு சட்டம் தவறு என்று காரணம் காட்டி வாதாடலாம், மாற்றக் கோரலாம், ஆனால் மாறும் வரை மீறக்கூடாது. வஞ்சகத்தாலும் வெறுப்பாலும் பேசுவது பாதுகாப்புக்குள் வராது. அரசை உண்டாக்கிய ஒப்பந்தத்தையே ரத்து செய்யும் கருத்து, உதாரணமாக யாரும் வாக்கைக் காப்பாற்ற வேண்டியதில்லை என்பது, தேசத்துரோகம். இந்தக் கடைசி விதிவிலக்கு எனக்கு வழுக்கலாகத்தான் படுகிறது. எது ஒப்பந்தத்தை உடைக்கும் கருத்து என்று தீர்மானிப்பதும் அரசுதானே? அதற்கு அவரிடம் முழுப் பதில் இல்லை. போதாததற்கு, முடிக்காமல் விட்டுப்போன கடைசி அரசியல் நூலில் பெண்களுக்கும் வேலையாட்களுக்கும் ஜனநாயகத்தில் ஓட்டில்லை என்று எழுதிவிட்டார். இதை அவருடைய ரசிகர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

பிறகு நடந்தது

1672 ஆகஸ்ட் 20 அன்று, பிரான்சின் படையெடுப்பில் நாடு சரிந்துகொண்டிருந்தபோது, தி ஹேக் நகரத் தெருவில் கும்பல் ஒன்று டி விட்டையும் அவர் அண்ணனையும் அடித்துக் கொன்றது. ஸ்பினோசா அப்போது அதே ஊரில் குடியிருந்தார். 'காட்டுமிராண்டிகளிலும் கடைசி' என்று அட்டையில் எழுதிக் கொலை நடந்த இடத்தில் மாட்டக் கிளம்பினார், வீட்டுக்காரர் கதவைப் பூட்டித் தடுத்துவிட்டார். பின்னாளில் அவரைச் சந்தித்த ஜெர்மன் மெய்யியலாளர் லைப்னிஸ் எழுதிவைத்த குறிப்பு இது.

1673-ல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தருவதாக எழுதியது. சிந்திக்க முழுச் சுதந்திரம் உண்டு, நாட்டில் நிலைபெற்ற மதத்தைக் குலைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறோம் என்றும் ஒரு வரி. அந்தச் சுதந்திரத்துக்கு எல்லை எதுவரை என்று எனக்குத் தெரியவில்லையே என்று பணிவாகப் பதில் எழுதி மறுத்துவிட்டார். 1674 ஜூலையில் ஹாலந்து நீதிமன்றம் அவருடைய நூலை, ஹாப்சின் 'லெவியதான்' உள்ளிட்ட வேறு சில நூல்களோடு சேர்த்துத் தடை செய்தது. 1678-ல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு மூன்று பொய்த் தலைப்புகளில் சுற்றியது.

டச்சு மொழிபெயர்ப்பு மட்டும் வரவில்லை. அதைத் தடுத்தவர் வேறு யாருமில்லை, ஸ்பினோசாவேதான். 1671 பிப்ரவரியில், யாரோ மொழிபெயர்த்து முடித்துவிட்டார்களாம் என்று கேள்விப்பட்டதும், எப்படியாவது அச்சுக்குப் போகாமல் நிறுத்து, இல்லாவிட்டால் தடை வந்துவிடும் என்று நண்பர் யெலஸுக்கு எழுதினார். கூர்பாக் காவலில் இறந்து அப்போது ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. பேசாமல் இருக்க மனிதரால் முடியாது என்று எழுதிய புத்தகம் அதை எழுதியவரின் ஊர் மொழியில் அச்சானது 1693-ல், அவர் இறந்து 16 ஆண்டு கழித்து.